கிணத்துக்கடவு அக்பருக்கு நம்பிக்கை வந்த விதம்

புலியகுளம், கோயம்புத்தூர்
8 ஜனவரி 2025

அன்புத் தம்பி ஜெப்ரிக்கு,

முதலில் ஒரு திருத்தம். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், "தம்பி கனடாவுல இருந்து போன்ல சொல்லச் சொல்ல நீங்க எழுதித் தர்றீங்களாமே, பொழுது நல்லாப் போகுதுங்களா டீச்சர்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். நான் யார் சொல்லச் சொல்லவும் எழுதுவதில்லை. ஆறாம் வகுப்பில் கான்வென்ட்டில் டிக்டேஷன் எழுதியதோடு அது முடிந்தது. பதிப்பாளர் லியோ கேட்டுக்கொண்டபடி, கல்லூரிப் பிள்ளைகளுக்காகக் குவாண்டம் பின்னலைப் பற்றி நீ தமிழில் ஒரு சிறு நூல் எழுதுகிறாய். நான் அதைத் திருத்துகிறேன். நீ பரீட்சை எழுதுகிறவன். நான் மதிப்பெண் போடுகிறவள். இந்த வித்தியாசத்தைக் குழந்தையம்மாளிடம் விளக்கியிருக்கிறேன். அவளிடம் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்குள் பங்கு முழுவதும் தெரிந்துவிடும்.

வலது முழங்கால் படியேற மறுக்கிறது. மற்றவை என் பேச்சைக் கேட்கின்றன. உன் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று எண்ணாக எழுது. "பரவாயில்லை" என்பது அளவு அல்ல.

மூன்று அத்தியாயங்களையும் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். முதலாவதற்குப் பத்துக்கு எட்டு. இரண்டாவதற்கு ஏழு, ஒரே வாக்கியத்தில் நான்கு "ஆகவே" போட்டிருக்கிறாய். மூன்றாவதற்கு ஒன்பது. பொதுத்தேர்வு இயற்பியல் விடைத்தாள் முகாம்களில் எத்தனையோ கோடைகள் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது போட எனக்கு எளிதில் கை வராது என்பது உனக்குத் தெரியும்.

போனில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறாய். போனில் நீ எல்லாவற்றுக்கும் "சரிங்கக்கா" என்பாய். பிறகு செய்யமாட்டாய். தாளில் எழுதினால் இருவருக்கும் நல்லது. நான்காம் அத்தியாயத்தை அனுப்பு.

உனக்கும் டீனாவுக்கும் இந்த ஆண்டின் எல்லா நாள்களிலும் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

அக்கா,
ஜெயக்கொடி தேவானந்தம்

*

கால்கரி
2 பிப்ரவரி 2025

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தாறு. எண்ணாக எழுதிவிட்டேன். வெளியே மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. இதையும் கேட்பீர்கள் என்று முந்திக்கொண்டேன். டீனா உங்கள் முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கி வைத்திருக்கிறாள். உங்கள் ஒன்பதை அவளிடம் காட்டினேன். "அண்ணி கிட்ட ஒம்பதா! சட்டம் போட்டு மாட்டுங்க" என்றாள்.

நான்காம் அத்தியாயம் இதோ. நூலின் இதயமே இதுதான். ஒன்றாக உண்டாகிப் பிரிந்த பிறகும் தொடர்பு விடாத பின்னிய ஜோடி ஒன்றில் ஒரு பக்கம் செய்யும் சோதனை, தொலைவில் உள்ள மறுபக்கத்தின் நிலையைச் செலுத்துவதுபோல் தோன்றும் அதிசயம். அதைவிட அதிசயம், சில ஜோடிகளில் இந்தச் செலுத்துதல் ஒரு திசையில் மட்டுமே நடக்கும் என்பது. இவரால் அவரைச் செலுத்த முடியும். அவரால் இவரை முடியாது. என் வாழ்நாளின் பாதியை இந்த ஒரு கேள்வியில் செலவழித்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பெயர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். ஆகவே பவானியில் நஃபீசா, கிணத்துக்கடவில் அக்பர் அலி. முக்கியமான பத்தியை இங்கேயே எழுதுகிறேன்:

"நஃபீசா ஒரு பின்னிய ஒளித்துகள் ஜோடியை உண்டாக்கி, ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றதை அக்பருக்கு அனுப்புகிறாள். அக்பர் தன் துகளிடம் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கலாம். ஒரு கேள்விக்குத் தெளிவான விடை வைத்திருக்கும் துகள் மற்றதற்குக் குழம்பும். இது இயற்கையின் சட்டம். அக்பர் நஃபீசாவை நம்புவதில்லை. தன் கருவியை மட்டும் நம்புகிறான். தான் கேட்கப்போகும் கேள்வியை அவளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறான். துகள் வந்து சேர்கிறது. நஃபீசா தன் துகளைச் சோதித்து, அக்பருக்கு என்ன விடை கிடைக்கும் என்று சொல்லியனுப்புகிறாள். அக்பர் திறந்து பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் அவள் சொன்னதே சரி. அக்பருக்கு நம்பிக்கை வருகிறது."

இந்த நம்பிக்கைதான் செலுத்துதலுக்குச் சான்று. ஒரு திசை மட்டும் ஏன் என்பதை அடுத்த வரியில் சொல்லியிருக்கிறேன்: வழியில் துகளைக் குலைக்கும் இரைச்சல் காரணமாக. செப்டம்பரில் வெளியீடு என்று லியோ சொல்கிறார். இதற்குப் பத்து கேட்கமாட்டேன். ஒன்பதரை போதும்.

உங்கள் ஜெபங்களில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
ஜெப்ரி

*

புலியகுளம்
24 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

நூற்று முப்பத்தெட்டு அதிகம். ஊறுகாயை நிறுத்து. டீனாவின் பட்டை வந்தது, சரியான அளவு. அவளுக்கு அளவெடுக்கத் தெரிந்திருக்கிறது.

நான்காம் அத்தியாயத்துக்குப் பத்துக்குப் பூஜ்யம். கோபத்தில் போட்டதல்ல. இரண்டு நாள் கழித்து மறுபடி திருத்தினேன். மறுபடி பூஜ்யம்தான் வந்தது.

அக்பர் கேள்வியை முன்கூட்டியே சொல்லிவிட்டான், துகள் அதற்குப் பிறகுதான் வந்தது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் நஃபீசாவுக்குப் பின்னலும் தேவையில்லை, ஒன்றும் தேவையில்லை. அந்தக் கேள்விக்குத் தெளிவான விடையுள்ள சாதாரணத் துகள் ஒன்றைத் தயாரித்து அனுப்பிவிட்டு, விடையையும் சொல்லிவிடலாம். நான் சொல்வதை நீ நம்பவேண்டாம். செய்து பார்த்தேன்.

நம் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஷாநவாஸிடம் விசிட்டிங் கார்டு வரும் காலிப் பெட்டிகள் வாங்கினேன். சில பெட்டிகளில் எல்லாச் சீட்டும் சிவப்பு, அல்லது எல்லாம் நீலம். எண்கள் மட்டும் ஒற்றையும் இரட்டையும் பாதிப் பாதி. இவை நிறப் பெட்டிகள். சில பெட்டிகளில் எண்கள் எல்லாம் இரட்டை, அல்லது எல்லாம் ஒற்றை. நிறம் பாதிப் பாதி. இவை எண் பெட்டிகள். நிறமும் எண்ணும் ஒன்றாகத் தெளிவாயிருக்கும் பெட்டி இல்லை; அது உன் இயற்கைச் சட்டம். கடையில் நான் நஃபீசா, ஷாநவாஸ் அக்பர்.

"நிறங் கேக்கப்போறேனுங்க" என்றார். நான் நிறப் பெட்டியை நீட்டி, "சிவப்பு" என்றேன். ஒரு சீட்டை எடுத்தார். சிவப்பு. "எண்ணுங்க" என்றார். எண் பெட்டி, "இரட்டை." இரட்டைதான். நகல் எடுக்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

"ஏனுங்க டீச்சர், இதென்னங்க மந்திரமாட்ட இருக்குது?"

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. கேள்விய முன்னாடியே சொல்லிப்போட்டீங்க. இப்ப பெட்டிய மொதல்ல கையில வாங்கிக்குங்க, அப்புறம் கேளுங்க."

வாங்கிக்கொண்டு, என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். கையில் இருந்தது நிறப் பெட்டி. மனுஷன் எண்ணைக் கேட்டார். நான் குத்துமதிப்பாக "ஒற்றை" என்றேன். இரட்டை வந்தது.

"மாட்டிக்கிட்டீங்க பாருங்க!" என்று கடை அதிரச் சிரித்தார். "எங்கிட்டயேவா டீச்சர்?"

அதற்குப் பிறகு பாதிக்கு மேல் சரியாகச் சொன்னேன்; எப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பொய்யானவள் தோற்கும் இடம் அதுதான். பெட்டி கையில் வந்த பிறகு கேள்வி கேட்டும், இரண்டு கேள்விக்கும் தவறாமல் பதில் சொல்கிறவளிடம்தான் உண்மையான பின்னல் இருக்கிறது. உன் அக்பர் இப்போது நம்புவது ஏமாளியின் நம்பிக்கை. கிணத்துக்கடவில் அவ்வளவு ஏமாளி யாரும் இல்லை. அங்கே தேங்காய் வாங்கிப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்று. ஏன் ஒரு திசை மட்டும் என்பதற்கு "இரைச்சல் காரணமாக" என்று எழுதியிருக்கிறாய். அது விடை அல்ல; விடை எழுதவேண்டிய இடத்தில் போட்ட கோடு.

வரிசையை மாற்று. திசைக்குக் காரணம் எழுது. மறுமதிப்பீடு செய்கிறேன்.

உன் வீட்டில் சமாதானம் நிலைத்திருக்கட்டும்.

அக்கா,
ஜெயக்கொடி

*

புலியகுளம்
14 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கும் டீனாவுக்கும்,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து. இது உங்களிடம் வந்து சேரும்போது பெருவிழா கடந்திருக்கும். வாழ்த்துக்குக் கெடு கிடையாது.

இங்கே வெயில் இப்போதே கண்ணைக் கூசுகிறது. மாதத் தொடக்கத்தில் அடுத்த வீட்டுச் சின்னாத்தாள் மகன் கல்யாணத்துக்கு வெள்ளகோவில் போயிருந்தேன். தவக்காலம் என்பதால் இனிப்பைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அக்காள் வந்த பஸ் காங்கேயம் தாண்டி நின்றுவிட்டது. இவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையையும் உடன்பிறந்தவளையும் கூறைச்சேலையால் இணைத்து நிறுத்தி இணைச்சீர் செய்யாமல் மேற்கொண்டு எதுவும் நடக்காது. முகூர்த்தம் நெருங்குகிறது. பெண் வீட்டார் ஒருவர், "வேற யாராச்சும் தங்கச்சி மொறையில நின்னுபோட்டாப் போச்சுங்க" என்றார். மாப்பிள்ளைப் பையன் வாயே திறக்காதவன், அவன் சொன்னான், "எங்கக்கா வரட்டுமுங்க." அவ்வளவுதான், மண்டபம் முழுவதும் உட்கார்ந்துவிட்டது. அவள் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். பிறகுதான் மேளமே வாசித்தார்கள்.

உன் மாத்திரையை மாற்றினார்களா? டீனாவின் கண் சோதனை என்னவாயிற்று?

உங்கள் இருவரையும் உயிர்த்த ஆண்டவர் காக்கட்டும்.

அக்கா,
ஜெயக்கொடி

*

கால்கரி
9 மே 2025

அன்பு அக்காவுக்கு,

பெருவிழா வாழ்த்துக்கு நன்றி. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், நூற்று முப்பதுக்கு வந்திருக்கிறது. டீனாவின் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். நீங்கள் பிப்ரவரியில் எழுதியதாக லியோ சொன்ன கடிதம் எனக்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கோ தொலைந்திருக்க வேண்டும். இங்கே தபால் சரியாக இல்லை.

நான்காம் அத்தியாயத்தை மூன்று நாடுகளில் என்னோடு பணியாற்றியவர்கள் படித்துவிட்டார்கள். ஆங்கிலச் சுருக்கத்தைத்தான் படித்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. அறிமுக நூலில் சிலவற்றை எளிமைப்படுத்தத்தான் வேண்டும். லியோ பக்கங்களைக் கோத்துவிட்டார். இந்த நிலையில் சீட்டுப் பெட்டி விளையாட்டுகளுக்கெல்லாம் நேரமில்லை. உங்கள் திருத்தங்கள் ப்ளஸ் டூ அளவுக்கு மிகச் சரியாக இருக்கும். இது அதற்கு மேற்பட்டது. இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம், ஓய்வெடுங்கள்.

நன்றியுரையில் முதல் பெயர் உங்களுடையதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
ஜெப்ரி

*

புலியகுளம்
30 மே 2025

மதிப்புக்குரிய திரு. லியோ அவர்களுக்கு,

தங்கள் துணைவியார் சுகமாகப் பிரசவித்ததைக் கேட்டு மகிழ்ந்தேன். தாய்க்கும் பிள்ளைக்கும் என் ஜெபங்கள்.

ஜெப்ரியின் நூலில் நன்றியுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடைத்தாள் முகாமில் ஒரு தாளின் மூலையில் நான் சுருக்கொப்பம் இட்டால், உள்ளே உள்ள ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் நான் பொறுப்பு என்று பொருள். நான்காம் அத்தியாயம் இப்போது இருக்கும் நிலையில் அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. தவறான விடையின் கீழே என் பெயர் இதுவரை வந்ததில்லை.

இது தம்பியோடு பிணக்கு அல்ல என்பதைத் தாங்கள் புரிந்துகொள்வீர்கள்.

தங்கள்,
ஜெயக்கொடி தேவானந்தம்

*

புலியகுளம்
2 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

நூற்று முப்பது நல்ல செய்தி. டீனாவின் கண்ணைப் பற்றியும் நிம்மதி. இங்கே ஒரு மழை பெய்து வேப்பமரத்துத் தூசியெல்லாம் கழுவிவிட்டது.

நான் அனுப்பும் கடிதம் எல்லாவற்றுக்கும் ஷாநவாஸ் கடையில் நகல் எடுத்து வைப்பது வழக்கம். தொலைந்துபோன பிப்ரவரிக் கடிதத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. சீட்டுப் பெட்டிகளைப் பற்றி நான் அந்த ஒரு கடிதத்தில்தான் எழுதினேன், லியோவிடம்கூடச் சொல்லவில்லை. மேற்கொண்டு எதுவும் கேட்கப் போவதில்லை.

உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். திசைக்குக் காரணம் என்ன என்று மூன்று மாதமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. உன் மே மாதக் கடிதத்தைப் படித்த அன்றே விடை கிடைத்துவிட்டது.

கேள். இப்போது ஆளை மாற்று. ஊகம் சொல்பவன் அக்பர், சோதிப்பவள் நஃபீசா. நம்பாமலிருப்பது இப்போது அவள் உரிமை. தன்னிடம் இருப்பதையே அக்பர்தான் தயாரித்துக் கொடுத்தானோ என்றுகூட அவள் சந்தேகிக்கலாம். அக்பரின் பங்கு பவானியிலிருந்து கிணத்துக்கடவு வரை பயணப்பட்டது. பாதிக்கு மேல் வழியில் தொலைந்துவிடுகிறது. ஆகவே நஃபீசா கேட்கும்போது பல முறை, "என் பங்கு வந்து சேரவில்லை" என்கிறான். அவன் உண்மையானவனாகவே இருக்கலாம். ஆனால் அதே இடத்தில் ஒரு பொய்யன் என்ன செய்வான்? நிறப் பெட்டியைத் தயாரித்துக் கொடுப்பான். நிறத்தைக் கேட்டால் பதில் சொல்வான். எண்ணைக் கேட்டால், "தொலைந்துவிட்டது" என்பான். சொன்ன பதில் அத்தனையும் சரி. வசதியில்லாத கேள்விக்கு மட்டும் மௌனம். பாதி மௌனத்தை அனுமதித்தால் ஒரு பொய்யன் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவான். ஆகவே அக்பர் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் நஃபீசாவை நம்பவைக்க முடியாது.

நஃபீசாவின் நிலை வேறு. அவள் பங்கு வீட்டைவிட்டு அசையவில்லை. கேட்டபோதெல்லாம் பதில் சொல்கிறாள். அக்பர் பக்கம் தொலைவதால் அவளுக்குக் குறைவில்லை. அவன் பெட்டியை அவனே திறக்கிறான், காலியாயிருந்தால் அவனே ஒதுக்குகிறான், தன் கையை அவன் சந்தேகிக்கத் தேவையில்லை. ஒரே ஜோடி. நஃபீசாவிடமிருந்து அக்பருக்குச் சான்று உண்டு, அக்பரிடமிருந்து நஃபீசாவுக்கு இல்லை. இதில் இரைச்சல் எங்கே வந்தது?

இதைக் கடையில் செய்தும் பார்த்தேன். இம்முறை ஊகம் சொன்னது ஷாநவாஸ். அவருக்கு இரகசியமாக வழி சொல்லிக்கொடுத்து, ஒன்றும் தெரியாத ஆஃப்ரினைச் சோதிக்கவைத்தேன். ஆஃப்ரின் அவர் மனைவி. எண்ணைக் கேட்டபோதெல்லாம் இவர், "சீட்டு வரலீங்கம்மணி" என்றார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த ஆஃப்ரின், "எனக்குப் புடிச்ச கேள்வி கேட்டா மட்டும் உங்களுக்குத் தபால் வராதாக்கும்? கல்யாணம் ஆன நாளா இதே கதைதான்!" என்றாள். அவளுக்கு இயற்பியல் தெரியாது. கணவன்மாரைத் தெரியும்.

இந்த முறையில் நான்காம் அத்தியாயத்தை முழுதாக எழுதத் தொடங்கிவிட்டேன். எவ்வளவு தொலைந்தால் சான்று போகும் என்ற எல்லையை என் பெட்டிகளை வைத்துப் "பாதி" என்று சொல்கிறேன். உண்மைத் துகள்களுக்கும் அதுதானா என்பதை உன் கணக்குதான் சொல்லவேண்டும். அது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதமாட்டேன்.

கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும்.

அக்கா,
ஜெயக்கொடி

*

கோயம்புத்தூர்
12 ஜூன் 2025

வணக்கத்துக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வீட்டில் தாயும் மகளும் தங்கள் ஜெபத்தால் நலமாக இருக்கிறார்கள். நான்தான் தூக்கமில்லாமல் இருக்கிறேன்.

தங்கள் கடிதத்தைப் படித்ததும் கால்கரிக்குப் போன் செய்தேன். "சாருங்க, டீச்சர் பேரை எடுக்கச் சொல்றாங்க, என்னங்க பண்றது?" என்றேன். "அக்கா சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். "அப்ப அத்தியாயத்தை மாத்தறதுங்களா?" என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

நூலாசிரியர் எழுத்தில் சொல்லாமல் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற முடியாது, டீச்சர். தாங்கள் சொல்லாமல் தங்கள் பெயரைச் சேர்க்கவும் முடியாது. ஆகவே அச்சை நிறுத்தி வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சிக்கியிருக்கிறேன் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பணிவன்புடன்,
லியோ

*

கால்கரி
19 ஜூலை 2025

அன்பும் வணக்கமும் கொண்ட அக்காவுக்கு,

நூற்று நாற்பத்திரண்டு. காரணம் நீங்கள் அறிவீர்கள்.

பிப்ரவரிக் கடிதம் தொலையவில்லை. அது வந்தபோது படித்தேன். படித்ததும் நீங்கள் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் பதில் எழுத முடியவில்லை. நான் ஆய்வுக்கட்டுரைகளில் ஒருபோதும் செய்யாத தவற்றை, தமிழில் கதையாகச் சொல்லப் போனபோது செய்திருக்கிறேன். கதை நன்றாக ஓடியது, வரிசையைக் கவனிக்கவில்லை. என்னோடு பணியாற்றியவர்கள் படித்த சுருக்கத்தில் அந்தப் பத்தியே இல்லை.

ஜூன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். உங்கள் கேள்விக்கு விடை: இரண்டு கேள்விகளை வைத்துச் செய்யும் சோதனையில் எல்லை பாதியேதான். ஊகம் சொல்பவர் பாதிக்கு மேல் மௌனமாக இருந்தால் சான்று இல்லை. கேள்விகளைக் கூட்டினால் எல்லை ஏறும். மூன்று கேள்வி என்றால் மூன்றில் இரண்டு பங்கு மௌனம் வரை தாங்கலாம். ஒரு சிறு திருத்தம் மட்டும். உங்கள் பெட்டிகளில் பொய்யானவள் நான்குக்கு மூன்று சரியாகச் சொல்வாள். உண்மைத் துகள்களில் கெட்டிக்காரப் பொய்யானவள் இரண்டு கேள்விக்கும் அரைத் தெளிவான துகளை அனுப்பி, நூற்றுக்கு எண்பத்தைந்து வரை போகலாம். அதையும் தாண்டினால்தான் பின்னல். இதை அடிக்குறிப்பாகப் போடலாம்.

இதை ஆய்வுக்கூடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். கணக்குகளை நானே வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதியிருக்கிறேன். வசதியில்லாத கேள்விக்கு வாய்மூடும் பொய்யன் என்று ஒரு வரியில் எனக்குச் சொல்லத் தோன்றியதில்லை.

நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு உங்களுடையதை வைக்குமாறு லியோவுக்கு எழுதத் தயாராக இருக்கிறேன். அதோடு, நூலின் அட்டையில் இருவர் பெயரும் இருக்கட்டும். உங்கள் பெயர் முதலில். இதை மறுக்காதீர்கள்.

தம்பி,
ஜெப்ரி

அண்ணிக்கு டீனா எழுதுவது: உங்கள் பிப்ரவரிக் கடிதம் வந்த நாளிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஜூனில்தான் அதை எடுத்துப் படித்தேன். படித்துவிட்டு, "அண்ணி எழுதினதுக்குப் பதில் போடாம எப்படிங்க சோறு எறங்குது?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு கொஞ்சம் சாப்பிட்டதும் நின்றுபோயிற்று. முழங்காலுக்கு இன்னொரு பட்டை அனுப்புகிறேன்.

*

புலியகுளம்
11 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

நூற்று நாற்பத்திரண்டுக்கு நான் காரணமாக முடியாது. சாப்பிடு. டீனாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இரண்டாவது பட்டையும் சரியான அளவு.

உன் கணக்குகளை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பாதி என்பது எனக்கு விளங்கியது. மூன்று கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கு என்பதை மூன்று வகைப் பெட்டி செய்து பார்த்து ஒத்துக்கொண்டேன். எண்பத்தைந்து எனக்குப் பெட்டியில் வரவில்லை. பெட்டிக்கு அரைத் தெளிவு தெரியாது. ஆகவே அந்த அடிக்குறிப்பின் கீழே உன் பெயரைப் போட்டிருக்கிறேன். அத்தியாயத்தின் செம்பிரதி இத்துடன் வருகிறது. ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்; நீ விட்டிருந்தாய். நஃபீசா சொல்லியனுப்பும் வார்த்தை சாதாரணத் தபாலில் வந்து சேரும்வரை அக்பருக்கு எதுவும் தெரியாது. பின்னல் வழியாகச் செய்தி எதுவும் போவதில்லை. இரண்டு பேர் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதிசயம் தெரியும். இதை எழுதாவிட்டால் படிக்கிற பிள்ளைகள் ஜோசியம் என்று நினைத்துவிடுவார்கள்.

அட்டையைப் பற்றி. என் பெயர் அங்கே வேண்டாம். முதலிலும் வேண்டாம், இரண்டாவதாகவும் வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு ஆகிய அத்தியாயங்கள் உன்னுடையவை. அவற்றில் முதல் மூன்றை நான் திருத்தியிருக்கிறேன். திருத்தியவர் ஆசிரியர் ஆகமாட்டார். நான் எழுதாத பக்கத்துக்கு ஒருவர் என்னைப் பாராட்டினால் அது எனக்கு அவமானம். நான்காம் அத்தியாயம் என்னுடையது. அதன் தலைப்புக்குக் கீழே "எழுதியவர்: ஜெயக்கொடி தேவானந்தம்" என்று, மற்ற தலைப்புகளின் அதே எழுத்தளவில் வரவேண்டும். சிறிய எழுத்தில் "உதவி" என்று வரக்கூடாது. அதிகமும் வேண்டாம், குறைவும் வேண்டாம்.

இனி ஒரே ஒரு கேள்வி. டீனாவின் குறிப்பைப் படித்த பிறகு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீ வருத்தத்தில் இருக்கிறாய். வருத்தத்தில் இருக்கும் தம்பி அக்காளுக்கு எதையும் தூக்கிக் கொடுத்துவிடுவான், நூலின் அட்டையைக்கூட. அப்படிக் கொடுக்கப்பட்டதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். முகாமில் எங்களுக்கு விடைத்தாளில் பெயர் தெரியாது, எண்தான் இருக்கும். இந்த அத்தியாயத்தையும் அப்படி நினைத்துக்கொள். முன்பின் தெரியாத ஒருத்தி, ஆராய்ச்சிப் படிப்பு ஒன்றும் இல்லாத ஒருத்தி, இதை உனக்குத் தபாலில் அனுப்பியிருந்தால், உன் அத்தியாயத்தை எடுத்துவிட்டு இதை வைத்திருப்பாயா? அல்லது என் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் வைக்கிறாயா?

இரண்டாவதுதான் என்றால் சொல்லிவிடு. லியோ நான்காம் அத்தியாயமே இல்லாமல் நூலை அச்சிடட்டும். எனக்கு மனத்தாங்கல் இருக்காது. முதலாவது என்றால், இந்தச் செம்பிரதியை அப்படியே அச்சிடச் சொல்லி அவருக்கு எழுது.

ஆண்டவர் உனக்கும் டீனாவுக்கும் நல்ல சுகம் தரட்டும்.

போன் செய்யாதே. பதிலை எழுதி அனுப்பு.

அக்கா,
ஜெயக்கொடி தேவானந்தம்